வருச அட்டை

மாசிலாமணி மில் வேலையை விட்டபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், ரீலிங் பிரிவில், எட்டு வருஷம் இருந்தார். வேலை நிரந்தரமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விடப்போகிறேன் என்று சொன்னதும் சூப்பர்வைசர், "யூனியன்காரன் எவனும் மிரட்டுதானா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஊழியத்துக்குப் போறேன்."

"கல்யாணம் ஆயிட்டுல்லா?"

"ஆயிட்டு."

"வீட்ல சொல்லிட்டியா?"

சொல்லியிருக்கவில்லை. பயிற்சிக்குப் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்புதான் மனைவி பொன்னாபரணத்திடம் சொன்னார். அவள் அழவில்லை. முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தவள், சுற்றி முடித்துவிட்டு, "சரி" என்றாள். அந்தச் 'சரி'யை அதற்குப் பிறகு அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, அதில் ஒன்றைக் கூட்டவும் இல்லை.

1980 ஜூனில் இருவரும் வ. புதுப்பட்டிக்கு மேற்கே, மலைக்குப் போகிற பாதையில் இருந்த வேதக்காரத் தெருவுக்கு வந்தார்கள். முப்பத்தெட்டு வீடு. ஒரு ஜெபவீடு. அதை ஒட்டி உபதேசியாருக்கு ஓர் அறையும் அடுப்படியும். குருவானவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். அவருக்குப் பதினோரு ஊர்ச் சபைகள். மாதம் ஒரு ஞாயிறு நற்கருணை கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், புதன்கிழமை பெண்கள் கூட்டம், சாயங்காலம் வீடு வீடாக ஜெபம், பிரசவத்துக்கு வண்டி பிடிப்பது, சாவு விழுந்தால் அடக்கம், குடித்தவனைத் தூக்கிக்கொண்டு வருவது எல்லாம் உபதேசியார் வேலை.

தெருக்காரர்கள் எல்லோரும் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். நெல் அறுப்புக்கும் தென்னந்தோப்புக்கும் மாங்காய் இறக்கவும் போகிறவர்கள். ஒவ்வொரு வீட்டு நிலையிலும் சுண்ணாம்பில் சிலுவை இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உபதேசியாரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுவார்கள். அவர் போன பிறகு பக்கத்து ஊர்க் கோடாங்கியிடம் போய்த் திருநீறு வாங்கி வருவார்கள். பிள்ளை தேறினால் ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் ஸ்தோத்திரம் சொல்வார்கள். இதில் ஒளிவு மறைவு கிடையாது. கோடாங்கிக்குக் கோழி கொண்டு போகிறவன் வழியில் உபதேசியாரைப் பார்த்தால் நின்று தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் போவான்.

மாசிலாமணி அவர்களைத் திட்டவில்லை. பிறந்த குழந்தை பால்தான் குடிக்கும், பொறுத்து ஊட்டினால் ஒரு நாள் சோறு தின்னும் என்று நம்பினார். ஒரு வீட்டையும் விடாமல் சாயங்காலம் போய் உட்கார்ந்தார். வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து, விளக்கி, கேள்வி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டு முடித்ததும் தலையைக் குனிந்து ஜெபத்துக்குத் தயாரானார்கள்.

"அஞ்சு வருசமா ஊட்டுறீய" என்றாள் பொன்னாபரணம். "ஒருத்தருக்கும் பல்லு முளைச்ச மாதிரி தெரியலை."

ஒரு பெண்ணுக்கு முளைத்திருந்தது. கருத்தம்மாளின் மகள் சலோமி. கருத்தம்மாள் விதவை, புருஷன் தென்னையிலிருந்து விழுந்து செத்தவன். எட்டாவது முடிந்ததும் மகளை மாங்காய்க் குத்தகைக்காரர் தோப்பில் வேலைக்கு அனுப்ப இருந்தாள். மாசிலாமணி போய் வாசலில் உட்கார்ந்து, மூன்று சாயங்காலம் சண்டை போட்டு, வத்திராயிருப்புப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர்க்க வைத்தார். அவள் புதன்கிழமைக் கூட்டத்தில் பெண்களுக்கு வேதம் வாசித்தாள். தெருப் பெண்களில் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. ஒரு புதன்கிழமை, பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து பிறகு வேறு பத்துப் பிள்ளைகளைப் பெற்ற மனிதனின் கதையை வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"செத்துப்போன பழைய பிள்ளைகளைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே. புதுசு வந்ததும் பழசு மறந்துருமா ஐயா?"

மாசிலாமணி தெரியாது என்று சொன்னார். அன்று அறைக்கு வந்து, பொன்னாபரணம் ஊற்றிய கஞ்சியைக் குடிக்காமல், "கேள்வி கேட்டுட்டா" என்று இரண்டு தடவை சொன்னார். ஐந்து வருஷத்தில் அவர் சந்தோஷமாக இருந்ததாக அவள் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

வருஷப் பிறப்புக்கு அட்டை எடுப்பது அவர் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். அன்று ஒரு பித்தளைத் தட்டில் வசனம் எழுதிய சிறு அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். எல்லாச் சபைகளிலும் உண்டு. டவுனில் அச்சடித்து வாங்குவார்கள். இங்கே உபதேசியார் கையால் எழுதுவார். படிக்கத் தெரியாதவர்கள் எடுத்து அவரிடம் நீட்டினால் அவர் உரக்க வாசித்துக் கொடுப்பார். ஆசீர்வதிப்பேன், பெருகப் பண்ணுவேன், கைவிடமாட்டேன் என்று எல்லாமே இனிப்பான வசனங்கள். வருச அட்டை என்று பெயர். நிலைக்கு மேலே செருகி வைப்பார்கள். சிலர் விதைப் பானைக்குள் போட்டு வைப்பார்கள்.

1985-இல் சபைப் பெரியவர் கருத்தையாவுக்குப் பொறுமையாகக் காத்திரு என்ற பொருளில் ஒரு வசனம் வந்தது. அந்த வருஷம் குத்தகை எடுத்த அரை ஏக்கரில் அவர் நாற்று நடவில்லை. கண்மாயில் தண்ணீர் வந்து, நின்று, வற்றியும் போனது.

"ஏன் நடலை?" என்று மாசிலாமணி கேட்டார்.

"காத்திருக்கச் சொல்லியிருக்குல்லா."

"அது மனசுல காத்திருக்கிறது."

"அட்டையில அப்படி எழுதலியே ஐயா. நீங்கதான எழுதுனிய?"

அந்த டிசம்பரில் மாசிலாமணி அட்டை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாகுல் ஹமீது பைண்டிங் கடை வைத்திருந்தார். சிவகாசியிலிருந்து காலண்டர் வெட்டித் தள்ளிய துண்டு அட்டைகள் அவரிடம் மூட்டையாக வரும்.

"போன வருசம் எழுதிக் குடுத்ததெல்லாம் பலிச்சுதா உபதேசியாரே?"

"பலிக்கிறதுக்கு நான் என்ன கோடாங்கியா பாய்?"

"பொறவு எதுக்கு எல்லாருக்கும் நல்லதாவே எழுதுதிய? எங்க அத்தா வாயிலருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. அவரு வஞ்சதுதான் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. கொஞ்சினவங்க பேரே மறந்து போச்சு."

சாகுல் ஹமீது இதைச் சும்மா சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு நோட்டுக்கு அட்டை போடப் போய்விட்டார். மாசிலாமணி பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

துண்டு அட்டைகளின் பின்பக்கம் ஒன்றில் லட்சுமியின் கை இருந்தது, ஒன்றில் மயிலின் கழுத்து, ஒன்றில் யாருடையதென்று தெரியாத ஒரு பாதம். பொன்னாபரணம் மைதாப் பசை காய்ச்சி வெள்ளைத் தாள் ஒட்டினாள். மாசிலாமணி எழுதினார். அந்த வருஷம் ஒரு வாக்குத்தத்தம்கூட எழுதவில்லை. பொய் சொல்லாதே, பகையோடு காணிக்கை கொண்டுவராதே, உழைக்காதவன் உண்ண வேண்டாம் என்பது போலக் கேட்க வேண்டியவற்றை மட்டும் எழுதினார். வியாதியாய்க் கிடந்த ஒரு ராஜாவிடம் தீர்க்கதரிசி வந்து, வீட்டை ஒழுங்கு பண்ணிக்கொள், நீ பிழைக்கமாட்டாய் என்று சொன்ன இடம் ஒன்று உண்டு. அதையும் எழுதினார். மனிதன் ஒவ்வொரு நாளும் அப்படித் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அது யார் கைக்குப் போகும் என்று யோசிக்கவில்லை.

"கசப்பா இருக்கே" என்றாள் பொன்னாபரணம், பசை தொட்ட விரலைத் துடைத்துக்கொண்டு.

"மருந்து."

"நோயாளி கேட்டானா?"

1986 ஜனவரி ஒன்று, புதன்கிழமை. காலை ஆராதனை முடிந்ததும் தட்டை வைத்தார். முதலில் கருத்தையா எடுத்து நீட்டினார். சகோதரனோடு போய் ஒப்புரவாகு என்று இருந்தது. கருத்தையா தன் அண்ணனோடு ஒரு சுவர்த் தகராறில் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"உபதேசியாரு ஆளைப் பாத்து எழுதியிருக்காரு" என்று யாரோ சொன்னார்கள்.

"ஏலே, நீ எடு, உனக்கு என்ன இருக்குன்னு பாப்போம்" என்றார் கருத்தையா.

அவனுக்கும் அப்படியே. அடுத்தவளுக்கும். பத்துப் பேர் எடுப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. எடுத்தவர்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கருத்தம்மாள் எடுத்து நீட்டினாள்.

மாசிலாமணி அட்டையைப் பார்த்தார். ராஜாவுக்குச் சொன்னது.

அவருக்கு நூறு வசனம் மனப்பாடம். எதையாவது சொல்லியிருக்கலாம். கருத்தம்மாளுக்கு எழுத்து தெரியாது. எதைச் சொன்னாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவர் வாயைத் திறந்து, மூடினார். கருத்தம்மாளின் தோளுக்குப் பக்கத்தில் சலோமி நின்றிருந்தாள். அவள் கண் அட்டையில் இருந்தது. உதடு மெல்ல அசைந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது.

அவர் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தார்.

"அப்படின்னா?" என்றாள் கருத்தம்மாள்.

"நாம எப்பவும் தயாரா இருக்கணும்னு அர்த்தம்."

"சாவுக்கா?"

"எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான கருத்தம்மா."

"எல்லாருக்கும் இந்த அட்டை வரலியே ஐயா. எனக்குல்லா வந்திருக்கு."

அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னதைச் செய்ய ஆரம்பித்தாள். வீட்டை ஒழுங்குபடுத்தினாள். அடுத்த வீட்டு உலக்கையைத் திருப்பிக் கொடுத்தாள். கூரையின் பிய்ந்த பக்கத்தை மேய்ந்தாள். வெள்ளாட்டைத் தங்கச்சிக்குப் பிடித்துக் கொடுத்தாள். சொல்ல வேண்டிய ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டாள். மிச்சம் இருந்தது சலோமி.

தை மாதக் கடைசியில் செய்தி தெரிந்து மாசிலாமணி அவள் வீட்டுக்கு ஓடினார். மாப்பிள்ளை வேல்சாமி, கருத்தம்மாளுக்குத் தூரத்து உறவு. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஓட்டுகிறவன். பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகள். முப்பத்திரண்டு வயது. சலோமிக்குப் பதினைந்து.

"உனக்கு என்ன நோய் இருக்கு? நல்லாத்தான இருக்கே?" என்றார்.

"அவரு விழுந்தன்னைக்குக் காலையில அவரும் நல்லாத்தான் இருந்தாரு."

"கருத்தம்மா, அந்த ராஜா சாகலை. அவரு அழுது ஜெபம் பண்ணுனாரு. ஆண்டவர் பதினஞ்சு வருசம் கூட்டிக் குடுத்தாரு. கதை அப்படித்தான் முடியுது."

கருத்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இதை அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"அட்டையில அம்புட்டு இடம் இல்ல."

"எப்படி ஜெபம் பண்ணுனாரு?"

"சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு."

"வீட்டை ஒழுங்கு பண்ணுன பொறவா, முன்னயா?"

"அதெல்லாம் எழுதலை."

"ஒழுங்கு பண்ணச் சொன்ன பொறவு பண்ணாம இருந்திருப்பாரா? பண்ணிட்டுத்தான் திரும்பிப் படுத்திருப்பாரு." அவள் எழுந்தாள். "அப்ப மொதல்ல கல்யாணம். பொறவு சுவரு."

சலோமி அடுப்படியில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடையை மாற்றவில்லை. மாசிலாமணி அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார்.

"என்ன சொல்ல ஐயா? அம்மா சாகப் போகுதுன்னு நினைக்குது."

"சாகமாட்டா."

"அட்டையில சாகும்னு இருந்துச்சே. நானும்தான் பாத்தேன்."

கல்யாண அறிவிப்பை ஆராதனையில் ஓலையாக வாசிக்கவேண்டுமென்றால் உபதேசியார் ஒரு படிவம் எழுதிக் குருவானவருக்கு அனுப்ப வேண்டும். அதில் பெண்ணின் வயது என்று ஒரு கட்டம். கருத்தம்மாள் கருத்தையாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பதினெட்டுன்னு போட்டுருங்கய்யா" என்றார் கருத்தையா. "யாரு வந்து எண்ணப் போறா."

"பதினஞ்சு."

"எங்களுக்கும் தெரியும் பதினஞ்சுன்னு. எழுதுறதுக்குச் சொல்றோம்."

"நான் எழுதமாட்டேன்."

எழுதாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று அவர் நினைத்தார். நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு வரச் சொன்னார்கள். அங்கே மஞ்சள் கயிற்றில் தாலி கட்டி, டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் கூட்டிக்கொண்டு போனார்கள். சலோமியின் புத்தகப் பையைக் கருத்தம்மாள் மறுநாள் ஜெபவீட்டு வாசலில் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அதுவும் ஒழுங்குபடுத்துவதில் ஒன்று.

பிறகு அவள் படுத்தாள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாசம், லெந்து, தொடங்கியிருந்தது. மண்சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தவள், ஒரு வேளைக் கஞ்சி குடிக்கவும் வெளிக்குப் போகவும் மட்டும் எழுந்தாள். தெருவே வந்து பார்த்தது. யாருடனும் பேசவில்லை, திரும்பவும் இல்லை. மாசிலாமணி போய் அவள் முதுகிடம் பேசிவிட்டு வந்தார். ஈஸ்டர் காலையில் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, ஜெபவீட்டுக்கு வந்து முன்னால் நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"கூட்டிக் குடுத்துட்டாரு" என்றாள்.

"எம்புட்டு?" என்று கேட்டார் கருத்தையா.

"ராஜாவுக்கு எம்புட்டோ அம்புட்டு. பதினஞ்சு."

தாய்மார்கள் அழுதார்கள். குருவானவர் அன்று நற்கருணைக்கு வந்திருந்தார். கோயிலில் தாலி கட்டிக் கொடுத்ததற்காகக் கருத்தம்மாளை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டாள். சேர்த்துக்கொண்டார். சலோமி வந்து கேட்கவில்லை. அவளை யாரும் அனுப்பவில்லை. இரண்டு மாதம் பொறுத்து, சபை ஒழுங்கின்படி அவள் பெயர் நீக்கப்படுகிறது என்ற கடிதம் வந்தது. அதை ஆராதனையில் வாசிப்பது உபதேசியார் வேலை. மாசிலாமணி வாசித்தார். கருத்தம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டாள்.

அதற்குப் பிறகு சபை வளர்ந்தது. கருத்தம்மாளின் சாட்சியைக் கேட்க வத்திராயிருப்பிலிருந்தும் சுற்றியிருந்த தோப்புகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த கன்வென்ஷனில் மைக் பிடித்துப் பேசினாள். ஒவ்வொரு தடவையும் சுவருக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு நீண்டுகொண்டே போனது. சலோமியின் கல்யாணம் அதில் கீழ்ப்படிதலாக வரும். நாலைந்து வருஷத்தில் அறுபது வீடு ஆனது. கோடாங்கியிடம் போவது நின்றது. போக வேண்டிய தேவை இல்லை, அட்டை இருந்தது.

மாசிலாமணி பழையபடி இனிப்பான வசனங்களை எழுதிப் பார்த்தார். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை.

"கடுசா ஒண்ணு குடுங்கய்யா" என்றாள் ஒருத்தி. "கடுசுக்குத்தான் பவர்."

அட்டை குறி அல்ல என்று ஐந்தாறு பிரசங்கம் செய்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரசங்கம் முடிந்து வாசலில் ஒருவன் வந்து, போன வருஷ அட்டையின் கணக்கு முடிந்துவிட்டதா, இல்லை, இன்னும் ஓடுகிறதா என்று கேட்டான். தட்டையே எடுத்துவிடலாமா என்று குருவானவரிடம் போய்க் கேட்டார்.

"பைத்தியமாய்யா உமக்கு? பதினோரு சபையில உம்ம சபைதான் வளருது" என்றார் குருவானவர். "அட்டையை நிறுத்துனா வேற சபைக்குப் போயிருவாங்க."

"அவங்க இப்பவும் வரலை ஐயா. அட்டைக்கு வர்றாங்க."

"வர்றாங்கல்ல? நீர் போதியும்."

அவர் போதித்தார். தலை நரைத்தது. பொன்னாபரணம் தெருவில் ஓலைப்பெட்டி முடையக் கற்றுக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கடுசான வசனங்களைத் திரும்ப எழுத ஆரம்பித்தார், அதுவாவது உள்ளே போகட்டும் என்று.

1993 டிசம்பர், கிறிஸ்மஸ் கழிந்து மூன்றாம் நாள், ஓர் அடக்கத்துக்காக ராஜபாளையம் போனார். முடிந்து திரும்பும்போது விசாரித்துக்கொண்டு சத்திரப்பட்டி ரோட்டில் வேல்சாமி வீட்டுக்குப் போனார். ஏழு வருஷத்தில் அவர் போனது அதுவே முதல் தடவை. வாசலில் சலோமி பேண்டேஜ் துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. முன்பல் ஒன்று இல்லை. எழுந்து, தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, "வாங்கய்யா" என்றாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"சுகமா இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

"பிள்ளைக?"

"மூணு. ரெண்டு அவியளுக்கு. ஒண்ணு எனக்கு." காபி போட எழுந்தவளை வேண்டாம் என்றார். அவள் உட்கார்ந்து மடிப்பைத் தொடர்ந்தாள். "எங்கம்மா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா. சாட்சி சொல்லப் போறா."

"ம். இன்னும் எட்டு வருசம் இருக்குல்லா."

அவர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "வேதம் வாசிக்கியா?" என்று கேட்டார். 

"இல்ல. பேரை எடுத்துட்டியல்லா. பொறவு எதுக்கு?"

"வாசிக்கிறதுக்குப் பேரு வேண்டாம்."

"ஐயா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"அன்னைக்கு நீங்க வேற வாசிச்சிருக்கலாம்லா?"

அவர் தரையைப் பார்த்தார். "அட்டையில அதுதான் இருந்துது."

"எங்கம்மாவுக்கு அது தெரியாதே."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

தறி நின்று, மறுபடி ஓடியது. மாசிலாமணி சொன்னார்: "நீ பக்கத்துல நின்னே. நீ பாத்துக்கிட்டிருந்தே. உன் முன்னால எப்படி நான் மாத்தி வாசிக்க? என்ன நினைப்பே?"

சலோமி மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்துக் கையால் அழுத்தினாள்.

"நான் சொல்லியிருக்கமாட்டேன்" என்றாள். "நீங்க முழிச்சுக்கிட்டு நின்னிய. வேற எதையாவது சொல்லட்டும்னுதான் நான் நின்னேன். செத்த நேரம் நின்னிய. பொறவு வாசிச்சிட்டிய."

வேல்சாமி உள்ளேயிருந்து, "யாருட்டி அது?" என்றான்.

"ஊர்க்காரவிய."

அவர் ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்தாள். அவர் தொடங்கினார், இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. ஆமென் சொல்லிவிட்டு எழுந்தார்.

வரப்போகிற வருஷத்து அட்டைகளை அவர் முன்பே எழுதி முடித்திருந்தார். எல்லாம் கடுசு. மாற்றி எழுத நேரம் இருந்தது. எழுதவில்லை. 1994 ஜனவரி ஒன்றாம் தேதி ஆராதனை முடிந்ததும், படிக்கத் தெரிந்த பிள்ளைகளை முதலில் அட்டை எடுக்கச் சொல்லி, பன்னும் டீயும் கொடுத்து, மைதானத்துக்கு அனுப்பினார். பொன்னாபரணத்தைக் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு பெரியவர்கள் வந்தார்கள்.

கருத்தையா எடுத்து நீட்டினார். உள்ளதையெல்லாம் விற்றுக் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தது. இப்போது அவர் வீட்டில் இரண்டு மருமகள்களும் நான்கு பேரப்பிள்ளைகளும். இதை வாசித்தால் பொங்கலுக்குள் வீட்டை விற்றுவிடுவார். மாசிலாமணி அவர் முகத்தைப் பார்த்து, "பயப்படாதே, உன்னோடு இருக்கிறேன்னு ஆண்டவர் சொல்றாரு" என்றார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

கருத்தையா ஏமாற்றத்தோடு வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவளுக்கும் ஒரு நல்ல வார்த்தை. அதற்கு அடுத்தவனுக்கும். தடுமாறவில்லை. அறுபது, எழுபது பேருக்கு எழுதியிருந்தது ஒன்று, சொன்னது ஒன்று. யாரும் அட்டையைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய், பிள்ளைகளுக்கு எட்டாமல், நிலைக்கு மேல் செருகினார்கள்.

பொன்னாபரணம் அட்டைகளுக்குத் தாள் ஒட்டியவள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். மத்தியானம் சோறு போடும்போது அவரைப் பார்த்தாள்.

மாசியில் அறிவொளி வகுப்புக்காரர்கள் வந்தார்கள். வத்திராயிருப்பிலிருந்து அங்காளம்மாள் என்ற பெண், தோளில் துணிப்பை, கையில் எழுத்து அட்டவணை. கூடவே தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் முன்னால் கருத்தம்மாள்.

"சார், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஜெபவீட்டைக் குடுத்தீங்கன்னா போதும்" என்றாள் அங்காளம்மாள். "லைட் இருக்கு, தரை இருக்கு. நாப்பது பேரு பேரு குடுத்திருக்காங்க."

"நாப்பது பேரா?"

"மொத பேரு என்னோடதுதான்யா" என்றாள் கருத்தம்மாள். "எத்தனை நாளைக்கு உங்களையே வாசிக்கச் சொல்லிக் கேக்க? நீங்க எப்பவும் சொல்லுவியல்லா, அவனவன் வேதத்தை அவனவன் வாசிக்கணும்னு. எனக்கு இன்னும் ஏழு வருசம் இருக்கு. அதுக்குள்ள படிச்சிருவேன்."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "நான் மொதல்ல என் வருச அட்டையைத்தான் வாசிக்கப் போறேன். நிலைக்கு மேலதான் இருக்கு."

பதினான்கு வருஷமாக அவர் இதற்காகத்தான் வீடு வீடாக நடந்தார். அவர்களாகவே வந்து நின்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கவில்லை. மாசிலாமணி ஜெபவீட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் விரலால் தொட்டுக்கொண்டு நின்றார்.

"இடம் ஒழியாது" என்றார்.

"புதனும் ஞாயிறும்தான சார் கூட்டம்? மத்த நாள்ல குடுங்க."

"இல்ல. முடியாது."

"எழுத்துப் படிக்கிறதுல என்ன சார் கெடுதல்?"

"கெடுதல்னு சொல்லலை."

கருத்தம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு, அவர் எதைச் சொன்னாலும் கேட்டுப் பழகியவள் என்பதால், தலையை ஆட்டினாள்.

"சரிய்யா. நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்று மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "வாங்கட்டி. அவிய சொன்னா ஒரு காரணம் இருக்கும்."

அங்காளம்மாள் எழுத்து அட்டவணையைச் சுருட்டித் துணிப்பைக்குள் வைத்தாள்.

"புதுப்பட்டியில கேட்டுப் பாருங்க" என்றார் மாசிலாமணி. "அங்க பெரிய இடமா இருக்கும்."